துறைமுகமும் சுங்கவாசலும்

மூதூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தமது பட்டப்படிப்பின் இறுதியாண்டுக்கென எழுதிய ஆய்வுக் கட்டுரையைச் சில காலத்துக்கு முன் நம்மிடம் தந்து அபிப்பிராயம் கேட்டார். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகள் தெருத் தெருவாக நீண்டு கிடந்த மாதங்களில், சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் என்ன பேசிக்கொண்டனர் என்பதைச் சமூகத் தளங்களின் பதிவுகளிலிருந்து திரட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய நோக்கம். முதல் இரண்டு அத்தியாயங்களிலும் பதிவுகள் ஆயிரக்கணக்கில் எண்ணப்பட்டு அட்டவணைகளாக நின்றன. மூன்றாவதில் அந்த எண்ணிக்கை திடீரெனச் சில நூறாகச் சுருங்கிக் கிடந்தது. காரணம் வினவினோம். "வாசலை அடைச்சுப் போட்டாங்கள் சேர். அதுக்குப் பிறகு கண்ணால பார்த்துக் கொப்பியில எழுதித்தான் எடுத்தனான்" என்றார். தளத்தின் பெயர் இங்கு வேண்டா. அவர் சொன்ன வாசலைப் பற்றித்தான் நாம் இங்கே எழுத முற்படுகிறோம்.

இதைக் கேட்டதும், "இது கணினிக்காரர் விவகாரம், இலக்கிய மாசிகைக்கு இதில் என்ன வேலை?" என்று நண்பர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆயினும் அச்சுக் காகிதத்தின் விலை ஏறியபோது அதைக் காகித வியாபாரியின் விவகாரம் என்று எந்தப் பத்திரிகையும் சும்மா இருந்ததில்லை. தமிழில் எழுதுவோருள் பெரும்பாலோர் இன்று முதலில் எழுதுவதும், வாசிப்போர் முதலில் வாசிப்பதும் நான்கைந்து அந்நியக் கம்பனிகளின் தளங்களிலேயே. அங்கே குவிந்துள்ள தமிழ் எழுத்தை யார் எண்ணலாம், யார் தொகுக்கலாம், யார் விற்கலாம் என்பது நமது மொழியின் பொருளாதாரம் பற்றிய கேள்வி.

வாசல் என்றோம். சமூகத் தளம் ஒன்றினுள் செல்ல இரண்டு வழிகள் உண்டு. மனிதர் தமது கைத்தொலைபேசியில் திறந்து பார்ப்பது ஒன்று. பிறர் எழுதிய மென்பொருள் ஒன்று வந்து, "இன்ன சொல் உள்ள பதிவுகளைத் தா" என்று கேட்டுப் பெற்றுச் செல்லும் வழி மற்றொன்று. இந்த இரண்டாம் வழியையே ஏபிஐ என்கின்றனர். தளத்துக்காரரும் பாவனையாளரும் இரு தரப்பார். இவ்வழியால் வருகிறவர் மூன்றாந் தரப்பார். கண் தெரியாதவர்க்குப் பதிவுகளை வாசித்துக் காட்டும் செயலி, புயல் எச்சரிக்கையைத் தானாகவே வெளியிடும் நிரல், வெறுப்புப் பேச்சைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர் ஆகிய அனைவரும் மூன்றாந் தரப்பாரே. வாக்காளரின் மனத்தை வேவு பார்க்கும் வியாபாரியும் அவர்களுள் ஒருவன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

டுவிட்டர் 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது; அவ்வாண்டிலேயே இந்த வாசலையும் திறந்தது. அப்போது அது ஒரு சிறு கம்பனி. கைத்தொலைபேசிக்கென நல்ல செயலியொன்றைத் தானே செய்துகொள்ள அதற்கு வலு இருக்கவில்லை. அந்த வேலையைப் பிறர் செய்தனர். "ட்வீட்" என்னும் சொல்லும் நீலப் பறவைச் சின்னமும் முதலில் புழக்கத்துக்கு வந்தது ட்விட்டரிபிக் என்னும் வெளியார் செயலியில். திரையை விரலால் கீழே இழுத்துப் புதுப்பிக்கும் முறை, இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கான விரல்கள் பழகிப்போன அந்த அசைவு, ட்வீட்டி என்னும் இன்னொரு வெளியார் செயலியில் பிறந்தது. 2010 ஏப்ரிலில் டுவிட்டர் அதனை விலைக்கு வாங்கித் தனது சொந்தச் செயலியாக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே, இனி இத்தகைய செயலிகளைப் பிறர் செய்யவேண்டாம் என்று அறிவித்தது. 2012 ஆகஸ்டில், புதிய வெளியார் செயலி ஒவ்வொன்றுக்கும் ஓர் இலட்சம் பாவனையாளர் என்று எல்லை கட்டியது. 2023 ஜனவரியில் எஞ்சியிருந்த செயலிகளையும் முன்னறிவித்தலின்றி ஒரே இரவில் துண்டித்துவிட்டு, துண்டித்ததற்குப் பொருந்தும் விதியைச் சில நாள் கழித்து எழுதிச் சேர்த்தது. தீர்ப்பு முதலிலும் சட்டம் பின்னருமாக வந்த விசித்திரம் இது.

இது தனியொருவரின் குணக்கேடு என்று முடிவுகட்டுவோர் விஷயத்தை மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். இத்தளங்களின் மதிப்பு அவற்றில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில் தங்கியுள்ளது. ஆள் சேரும்வரை, ஆள் சேர்த்துத் தருகிற ஒவ்வொருவரும் வேண்டியவரே. வாசல் விரியத் திறந்திருக்கும். ஆள் சேர்ந்து, இனி ஒருவரும் எளிதில் வெளியேற முடியாது என்ற நிலை வந்ததும், அதே மூன்றாந் தரப்பார் விளம்பரம் காட்டாமல் பாவனையாளரை இழுத்துச் செல்லும் கள்வராகத் தோன்றத் தொடங்குகின்றனர். முகநூலின் கதையும் இவ்வாறே. 2007இல் வெளியார்க்குத் தளத்தைத் திறந்தது. 2011இல் அதன் வருமானத்தில் ஏறத்தாழ 12 வீதம் சிங்கா என்ற ஒரே விளையாட்டுக் கம்பனி வழியாக வந்தது. 2013இல் வைன் என்ற போட்டிச் செயலி தோன்றியபோது, நண்பர் பட்டியலைப் பெறும் வழி அதற்கு உடனே அடைக்கப்பட்டது. அதற்கான ஒப்புதலை முகநூலின் தலைவரே கொடுத்தார் என்பதை 2018 டிசம்பரில் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்கள் காட்டின.

இவ்விடத்தில் நமது துறைமுகத்தை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். திருகோணமலையின் குடா ஆழமானது, காற்றுக்கு மறைவானது. அந்த ஆழத்தை எந்த அட்மிரலும் தோண்டவில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்காக மோதிக்கொண்டபோது, மோதியது வாய்க்காலை யார் காவல் செய்வது என்பதற்கே. வேறொன்றும் இங்கு உண்டு: சீனன்குடாவிலே ஆங்கிலேயக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட எண்ணெய்க் குதங்கள். போரின் சேதம் போக எஞ்சி நிற்பவை 99. இவை இயற்கை தந்தவையல்ல. இரும்பும் கூலியாட்களின் வியர்வையும் சேர்ந்து எழும்பியவை. குதத்தைப் பாவிப்பவரிடம் அதன் செலவுக்கும் தேய்மானத்துக்கும் உரிய கட்டணம் கேட்பது ஒரு வகை. குடாவின் ஆழத்துக்கு விலை கேட்பது வேறு வகை. முதலாவது சேவைக்குரிய விலை. இரண்டாவதை ரிக்கார்டோ காலந்தொட்டுப் பொருளியலார் நிலவாடகை என்பர்: தான் உண்டாக்காத ஒன்றின் வாயிலில் நிற்பதனால் மட்டும் ஒருவன் பெறும் வருமானம்.

சமூகத் தளத்தில் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன. கணினி வழங்கிகள், மின்சாரம், பொறியியலாளர் சம்பளம் ஆகியவை குதங்கள். இவற்றுக்குச் செலவுண்டு. மூன்றாந் தரப்பார் இலட்சக்கணக்கான தடவை வந்து கேட்டால் அச்செலவு கூடும். அதை யாரும் கொடுக்கவேண்டாம் என்று வாதிடுவது சிறுபிள்ளைத்தனம். நம்மில் சிலர் அப்படி வாதிடுவதைக் கேட்டு நாம் வெட்கப்பட்டதுண்டு. ஆனால் பதிவுகள்? அவற்றை எழுதியவர்கள் பாவனையாளர்கள். தளத்தின் குடா அதுவே. அதன் ஆழம் நாம். இப்போது கேட்கப்படும் கட்டணம் குதத்துக்கா, குடாவுக்கா என்பதே கேள்வி.

அதைக் கணக்குப் பார்த்தே அறியலாம். 2023 ஏப்ரிலில் ரெடிட் என்னும் தளம் தனது வாசலுக்குக் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவித்தது. பின்னர் வெளியான விலை ஆயிரம் கேள்விகளுக்கு 24 சதம், அமெரிக்க நாணயத்தில். அபோலோ என்ற வெளியார் செயலி மாதம் ஏறக்குறைய 700 கோடி கேள்விகள் கேட்டுவந்தது. அதைச் செய்த கிறிஸ்டியன் செலிக் கணக்கிட்டபோது ஆண்டுக்கு 2 கோடி டொலர் வந்தது. 5 கோடிக் கேள்விகளுக்கு ரெடிட் கேட்டது 12,000 டொலர். அதே எண்ணிக்கைக்குப் படங்களைச் சேமிக்கும் இம்கர் என்ற இன்னொரு தளத்துக்குத் தாம் கொடுத்துவந்தது 166 டொலர் என்றும் அவர் எடுத்துக் காட்டினார். எழுபது மடங்குக்கு மேல். இரு தளங்களின் வேலையும் முற்றிலும் ஒன்றல்ல என்று கழித்துப் பார்த்தாலும், இந்த வித்தியாசத்தை மின்சாரக் கட்டணத்தால் விளக்க முடியாது. 2023 ஜூன் 12 தொடக்கம் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் தமது பக்கங்களை மூடி எதிர்ப்புத் தெரிவித்தன. ஜூன் 30ஆம் தேதி அபோலோ நின்றுபோயிற்று.

ரெடிட்டின் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. வெளியார் செயலிகள் விளம்பரம் காட்டுவதில்லை, ஆகையால் அவ்வழியே வரும் ஒவ்வொருவரும் தமக்கு நட்டம் என்பது அது. இது உண்மை. ஆனால் உண்மை என்பதாலேயே அது நம்முடைய வாதத்தை வலுப்படுத்துகிறது. விலை தீர்மானிக்கப்பட்டது வழங்கியின் செலவைக் கொண்டன்று, இழந்த விளம்பரத்தைக் கொண்டு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகளுக்கு மனித எழுத்து மலைமலையாகத் தேவைப்படத் தொடங்கிய காலம் அது. 2024இல் பங்குச் சந்தைக்குச் சென்றபோது ரெடிட் வெளியிட்ட பத்திரத்தில், தரவு உரிமங்களுக்கான ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20 கோடியே 30 இலட்சம் டொலர் என்றிருந்தது. காலம் இரண்டு தொடக்கம் மூன்று ஆண்டுகள். அதே பத்திரத்தில், தலைமை அதிகாரிக்கு 2023ஆம் ஆண்டுக்கென வழங்கப்பட்ட ஊதியம் 19 கோடியே 30 இலட்சம் டொலர் என்றும் கண்டிருந்தது, பெரும்பகுதி பங்குகளாக. எழுதியவர்க்கும், சம்பளமின்றி இரவு பகலாகக் குழுக்களை நெறிப்படுத்தியவர்க்கும் அவ்வொப்பந்தங்களிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. சிறிய மூன்றாந் தரப்பார்க்குச் சாத்தப்பட்ட வாசல் பெரிய மூன்றாந் தரப்பார்க்குப் பின்புறமாகத் திறந்திருந்தது என்பதையும் வாசகர் கவனிக்கவேண்டும்.

டுவிட்டரின் விலையேற்றத்துக்குக் காரணம் இன்னும் பச்சையானது. 2022 அக்டோபரில் 4,400 கோடி டொலருக்கு அது கைமாறியபோது, வாங்கிய கடனில் சுமார் 1,300 கோடி டொலர் அந்தக் கம்பனியின் தலைமீதே ஏற்றப்பட்டது. வட்டி கட்டவேண்டும். 2023 பெப்ரவரி 2ஆம் தேதி, இலவச வாசல் ஒரே வாரத்தில் மூடப்படும் என்று அறிவித்தார்கள். நான்காம் நாள் துருக்கியையும் சிரியாவையும் பூகம்பம் தாக்கியது. இடிபாட்டினுள்ளிருந்து வந்த பதிவுகளைத் திரட்டி மீட்பாளர்க்கு அனுப்ப முயன்ற நிரலாளர்கள், இந்த நேரத்திலாவது வாசலை மூடாதீர்கள் என்று மன்றாடினார்கள். சில வாரத் தவணைக்குப் பின் வந்த விலைப்பட்டியலில், மாதம் 100 டொலருக்குப் 10,000 பதிவுகளை வாசிக்கலாம் என்றிருந்தது; அதற்கு மேற்பட்ட படிக்கு 5,000 டொலர் கேட்கப்பட்டது. அதற்கு முன் 2021 தொடக்கம் பல்கலைக்கழக ஆய்வாளர்க்கு மாதம் ஒரு கோடிப் பதிவுகள் இலவசமாகக் கிடைத்துவந்தன.

நமது நாணயத்தில் சொன்னால், 100 டொலர் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பதிவுக்கு மூன்று ரூபாய். புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு இது. 5,000 டொலர் என்பது பதினைந்து இலட்சம் ரூபாய். அதைப் பற்றிப் பேசுவதே வீண். நியூயோர்க்கிலும் நிலாவெளியிலும் ஒரே விலை என்பதைச் சமத்துவம் என்று சிலர் சொல்வார்கள். அத்தகைய சமத்துவத்தை நாம் பெருந்தோட்டக் காலத்திலேயே பார்த்துவிட்டோம்.

இங்கே ஏதோ ஒரு மாணவரின் அத்தியாயம் சுருங்கிப்போனதை மட்டும் நினைத்து நாம் எழுதவில்லை. இலங்கையில் முகநூல் வழி பரவிய வெறுப்புப் பேச்சைப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டது. கம்பனி செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்த வன்செயலுக்குத் தனது தளம் துணைபோனமைக்காக முகநூல் மன்னிப்புக் கேட்டது 2020 மேயில். வெளியார் எண்ணிச் சொன்னதை உள்ளார் ஒப்புக்கொள்ள ஆறு ஆண்டுகள் ஆயின. வெளியார் எண்ணவே முடியாத நிலை இருந்திருந்தால்?

அந்த நிலை வந்துகொண்டிருக்கிறது. முகநூலில் எந்தப் பதிவு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைப் பத்திரிகையாளரும் ஆய்வாளரும் பார்ப்பதற்குப் பயன்பட்ட க்ரௌட்டாங்கிள் என்னும் கருவியை அதன் உரிமையாளரான மெட்டா 2024 ஆகஸ்ட் 14இல் மூடிவிட்டது. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் 21இல் நடந்தது. இடையில் ஐந்து வாரம். பதிலாகக் கொடுக்கப்பட்ட நூலகம் போன்ற ஏற்பாட்டுக்கு விண்ணப்பித்து, அங்கீகாரம் பெற்றுத்தான் உள்ளே போகலாம். பேராசிரியரும் பெரிய நிறுவனமும் அதைச் செய்யக்கூடும். திருகோணமலையில் தனியே இயங்கும் ஒரு தமிழ்ச் செய்தியாளர் எவ்வாறு செய்வார்? நம் ஊரிலே மூவினத்தாரும் ஒரே கடற்கரையில் மாலை நேரத்தைக் கழிக்கிறார்கள். 2025 நவம்பரில் அக்கடற்கரையோரம் வைக்கப்பட்ட புத்தர் சிலை தொடர்பாகப் பதற்றம் எழுந்தபோது, கைத்தொலைபேசிகளில் வந்து விழுந்தவற்றில் எது இங்கிருந்து எழுதப்பட்டது, எது இந்த ஊரையே காணாதவரால் எழுதப்பட்டது என்பதைப் பிரித்துக் காட்ட யாரிடமும் கருவி இல்லை. இரண்டு வாரத்துக்குள் டித்வா புயல் வந்தது. வெருகல், மூதூர்ப் பக்கத்து ஊர்கள் நீரில் கிடக்கையில் அதே தளங்களில்தான் மக்கள் உறவினரைத் தேடினார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்நாட்டு நிரலாளர்கள் கூடிச் சஹானா என்ற பேரிடர் மென்பொருளை எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என உலகுக்கே கொடுத்தார்கள் என்பதை இளைய தலைமுறை அறியாது. அத்தகைய கைகள் இன்றும் உண்டு. அவை தட்டவேண்டிய கதவு வேறொருவன் வீட்டிலே இருக்கிறது.

வாசலைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர் ஒரு வினாவிடைச் செயலியில் சேர்ந்தார்கள். அன்றைய விதிப்படி அவர்களது நண்பர்களின் விவரங்களும் அவ்வாசல் வழியே வெளியேறின. 8 கோடியே 70 இலட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என முகநூலே கூறிற்று. இந்தத் துர்ச்சம்பவத்தைக் காட்டித்தான் கம்பனிகள் இன்று ஒவ்வொரு பூட்டையும் நியாயப்படுத்துகின்றன. பகிரங்கமாக எழுதப்பட்டதை எண்ணுவது வேறு. அந்தரங்கத்தைத் தூக்கிச் செல்வது வேறு. இந்த வேறுபாட்டை மழுப்புவதில் அவர்களுக்கு ஆதாயம் உண்டு. அந்தரங்கத்தின் பேரால் வாசலை மூடியவர்கள், விலை பேசியதும் அதைத் திறக்கிறார்கள் என்றால் அவர்கள் காத்தது எதை?

வேறு வழி இல்லையா என்று கேட்போர்க்கு நம் மொழியிலேயே விடை இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் போன்றோரின் அயராத உழைப்பால் வளர்ந்து, ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளுடன் நிற்கிறது. அதன் ஏபிஐ வாசல் எவர்க்கும் திறந்தது. ஆயினும் கூகிள் போன்ற பெருங்கம்பனிகள் இடைவிடாது அள்ளிச் செல்வதால் ஏற்படும் சுமையை விக்கிமீடியா உணராமலில்லை. 2021இல் அது பெருந்தேவையாளர்க்கெனத் தனியாகக் கட்டணச் சேவையொன்றை அமைத்தது. மறு ஆண்டில் கூகிள் அதன் வாடிக்கையாளராயிற்று. மாணவருக்கும் ஆசிரியருக்கும் பழைய வாசல் அப்படியே இருக்கிறது. குதத்துக்குக் கட்டணம், குடா பொது. செய்யக்கூடியதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் தளமும் அள்ளிக் கொடுப்பதாலேயே வளர்ந்தது.

ஆனால் இவை நன்கொடையிலும் தொண்டிலும் நிற்பவை என்பதை மறந்து, "எல்லோரும் அங்கே போய்விடலாம்" என்று கூறுவது நடைமுறைக்கு உதவாது. உறவினரும் வாடிக்கையாளரும் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் மனிதர் இருப்பர். ஆகவே சட்டத்தின் கேள்வி எழுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தனது எண்ணிமச் சேவைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவில், மிகப் பெரிய தளங்கள் ஆய்வாளர்க்குத் தரவைத் திறக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. 2025 டிசம்பரில் எக்ஸ் என்று பெயர் மாறிய டுவிட்டருக்கு விதிக்கப்பட்ட 12 கோடி யூரோ தண்டத்தின் காரணங்களுள், ஆய்வாளரை உள்ளே விடாமையும் ஒன்று. நம் நாட்டிலும் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எழுதுகிறவரைத் தண்டிக்க அதில் பிரிவுகள் பல உண்டு. எண்ணுகிறவர்க்கு வாசல் திறக்க ஒரு பிரிவும் இல்லை. இதே அரசுதான் 2018இலும் 2019இலும் தளங்களையே முடக்கிற்று. 2022 ஏப்ரிலில் மக்கள் வீதிக்கு வந்தபோதும் முடக்கிப் பார்த்துச் சுமார் பதினைந்து மணி நேரத்தில் பின்வாங்கியது. "தேசியமயமாக்குவோம்" என்று உடனே குரல் கொடுக்கும் நமது தோழர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும். வாசலின் சாவி அமைச்சரின் சட்டைப்பைக்கு மாறுவதால் மூதூர் மாணவர்க்கு என்ன கிடைக்கும்?

சீனன்குடாக் குதங்களின் கதையே நமக்கு எச்சரிக்கை. 2003இல் அவை இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குக் குத்தகையாயின. 2022 ஜனவரியில் 14 அவர்களுக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டுக் கம்பனிக்கு என்று பங்கிடப்பட்டன. 51 வீதமா 49 வீதமா என்று கொழும்பிலே பெரிய விவாதம் நடந்தது. அதே ஆண்டில் திருகோணமலை மீனவர் மண்ணெண்ணெய்க்காகக் கலன்களோடு வரிசையில் நின்றனர். குதம் யாருடையது என்ற கேள்வி கேட்கப்பட்ட அளவுக்கு, யார் எந்த நிபந்தனையில் பாவிக்கலாம் என்ற கேள்வி கேட்கப்படவில்லை. மாணவரின் கட்டுரை சுட்டியதும் இதையே. அவர் எண்ணிப் பார்த்தவரையில், தமிழ்ப் பதிவுகளிலும் சிங்களப் பதிவுகளிலும் அதிகம் வந்த சொல் இந்தியாவும் அன்று, இறைமையும் அன்று, வரிசை என்பதே. இரு மொழியாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பேசியது மற்றவர்க்குத் தெரியாமல்.

அந்த முடிவு எவ்வளவு உறுதியானது என்று அவரிடம் கேட்டோம். முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு உறுதி சொல்லலாம், மூன்றாவதற்குச் சொல்லமாட்டேன் என்றார். கொப்பியில் எழுதிய சில நூறு பதிவுகளை வைத்து அதற்குமேல் சொல்வது நேர்மையாகாது என்றும் சொன்னார். கட்டுரை அவ்வாறே சமர்ப்பிக்கப்பட்டது.